ஆசைக்கு மாத விலை எவ்வளவு?

"அடுத்த வருஷம் 58 முடிகிறது, கையில் முப்பது லட்சம் போல வரும், எதில் போடுவது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், மிச்ச வாழ்க்கையை எனக்குப் பிடித்த மாதிரி வாழ அதை எப்படிப் பிரிப்பது என்று யாரும் சொல்லவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டைக்காரன். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 33 வருஷம் லேத்தில் நின்றுவிட்டு 2023 ஜூலையில் வெளியே வந்தேன். ஆலோசகர் எல்லாம் கிடையாது, என் கணக்கைச் சொல்கிறேன், ஒத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த கூத்து. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போது மச்சான் பேச்சைக் கேட்டு, நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி தருகிறோம் என்ற ஓர் இடத்தில் ஒன்றரை லட்சம் போட்டேன். நாலு மாதம் டாண்ணு வந்தது, ஐந்தாம் மாதம் போனால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. வீட்டில் திட்டு விழும் என்று நினைத்தேன், வீட்டுக்காரி திட்டவில்லை, "எதுக்குப் போட்ட?" என்றாள். பெருகட்டும்னுதான் என்றேன். "பெருகி இன்னா பண்ணப் போற?" என்றாள். பதில் வரவில்லை சார், 33 வருஷம் சம்பாதித்தவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஆளுக்கொரு பட்டியல் எழுதினோம், ஒருத்தர் எழுதுவதை ஒருத்தர் பார்க்காமல். அவள் எழுதியது மூன்றே வரி: மாத்திரைக்கு மகனிடம் கை நீட்டக் கூடாது, வருஷம் ஒரு தடவை வேளாங்கண்ணி, கீழேயே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். அவளுக்கு முட்டி வலி என்று எனக்குத் தெரியும், அது இந்த அளவுக்கு என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. நான் பாதித் தாளுக்குக் கேரம் போர்டு பற்றி எழுதியிருந்தேன்.

கேரம் எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை. அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர்தான், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிய காசிமா எங்களுக்குப் பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். நான் அந்த அளவுக்கு ஆடுகிறவன் இல்லை, ஆனால் சொல்லிக் கொடுப்பேன். தெருமுனை மன்றத்தில், தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்குகிற பல்புக்குக் கீழே, போரிக் பவுடர் கையெல்லாம் அப்பிக்கொண்டு, ரெட் விழுந்த சந்தோஷத்தில் அதற்கடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயைத் தவறவிடும் பையனிடம் "அவசரம் எதுக்குடா" என்று சொல்கிற அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் நைட் ஷிஃப்ட் முடித்தும் தூங்காமல் போனேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மாதம் எவ்வளவு ஆகும் என்று எழுதினோம். கேரமுக்கு, பவுடர், காய், பசங்களுக்கு டீ, போட்டிக்கு என்ட்ரி ஃபீஸ், பஸ் எல்லாம் சேர்த்து 1,500. அதாவது வருஷம் 18,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் நான் போட்டபோது வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருஷத்துக்கு அதே விகிதம். 18,000 வட்டி வர ஏறக்குறைய 2.2 லட்சம் அதில் கிடந்தால் போதும். ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட விஷயத்துக்கு அவ்வளவுதான் விலை! மருந்து, வேளாங்கண்ணி, அரிசி பருப்பு, கரண்ட் பில் எல்லாவற்றையும் இப்படியே போட்டோம். மாதம் 19,000-ல் நின்றது.

பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து வந்தது 29 லட்சம். 20 லட்சம் அந்தத் திட்டத்தில், காலாண்டுக்கு 41,000 வருகிறது. 60 ஆகாவிட்டாலும் 55-க்கு மேல் ஓய்வு பெற்றவர் சேரலாம், ஓய்வுப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள், உச்ச வரம்பு 30 லட்சம். மூன்று லட்சம் டாய்லெட்டுக்கும் வீட்டு வேலைக்கும் போனது. நாலு லட்சம் மியூச்சுவல் ஃபண்டில், பத்து வருஷம் தொடுவதாக இல்லை, ஏனென்றால் வட்டி அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது. மாடியை வாடகைக்கு விட்டதில் 7,000 வருகிறது. கம்பெனி பென்ஷனை நம்பாதீர்கள்: 15,000 ரூபாய் சம்பள வரம்புக்குத்தான் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும், அதாவது மாதம் 1,250, அதற்கும் முன்னால் வரம்பு 6,500-தான். எனக்கு வருவது மூவாயிரத்துச் சொச்சம்.

மிச்சம் இரண்டு லட்சத்தைச் சும்மா சேவிங்ஸில் போட்டதற்கு மச்சான் சிரித்தார் (அதே மச்சான்தான்). அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இடுப்பளவு தண்ணீர், பிரிட்ஜ், மோட்டார், மெத்தை எல்லாம் போச்சு, அரசாங்கம் கொடுத்த 6,000 கழுவித் துடைக்கவே சரியாயிற்று. சேமிப்புத் திட்டத்தை ஒரு வருஷத்துக்குள் மூடினால் போட்ட பணத்தில் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அந்த இரண்டு லட்சம் இல்லாமல் இருந்தால் கந்து வட்டிக்குத்தான் போயிருப்பேன். நம் ஏரியாவில் தண்ணீர் புகுவதற்கென்று தனியாகப் பணம் வையுங்கள், அலமாரியில் ரொக்கமாக மட்டும் வேண்டாம்.

மெடிக்கல் இன்சூரன்ஸை வேலையில் இருக்கும்போதே உங்கள் பெயரில் தனியாக எடுத்துவிடுங்கள். கம்பெனி பாலிசி எனக்குக் கடைசி நாளோடு முடிந்தது, புதுப் பாலிசியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கஷ்டமான இடம் பிள்ளைகள்தான். மகன் பிளாட் வாங்க அட்வான்ஸ் பத்து லட்சம் கேட்டான். கொடுக்க மாட்டேன் என்று நேரடியாகச் சொல்ல வாய் வரவில்லை, அந்தக் காலண்டர் தாளை எடுத்து வைத்து, "பத்து லட்சம்னா எனக்கு மாசம் 6,833 குறையும், அதை நீ அனுப்புவியா, அனுப்பினா உங்கம்மா எழுதின முதல் வரியை என்ன பண்றது?" என்று கேட்டேன். மூன்று மாதம் சரியாகப் பேசவில்லை. மருமகள்தான் பிறகு போன் செய்தாள். அவன் கேட்டதும் தப்பில்லை, நான் மறுத்ததும் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனால் பொங்கலுக்கு அவன் வந்து உட்காரும்போது இன்னமும் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் உட்காருகிறான்.

அதனால் நீங்களும் பேங்க்குக்குப் போகும் முன்னால் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு தாளைக் கொடுங்கள். அப்புறம் எதில் போடுவது என்று கேளுங்கள், சொல்கிறேன். எனக்கு ஏப்ரல் வட்டி வந்ததும் மன்றத்துக்கு ஒரு போர்டு வாங்க வேண்டியிருக்கிறது, பழையது மழையில் ஒரு மூலை உப்பிப்போய் காய் அங்கே போனாலே திரும்பி வந்துவிடுகிறது.