வெளியூர்க் கண்காட்சி உள்ளூர் மியூசியத்துக்கு எப்படி வந்து சேர்கிறது?

கேள்வி இது: "மியூசியங்களில் 'சிறப்புக் கண்காட்சி, மூன்று மாதம் மட்டும்' என்று பேனர் கட்டுகிறார்களே, அந்த ஓவியங்களும் சிலைகளும் எங்கிருந்து வருகின்றன? வாடகையா, இரவலா? சின்ன மியூசியமும் வரவழைக்க முடியுமா?"

முடியும். அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு நடுத்தர மியூசியத்தில் ரெஜிஸ்ட்ரார் பிரிவில் ஏழு வருஷம் இருந்தேன். ரெஜிஸ்ட்ரார் என்றதும் பத்திரப் பதிவு ஆபீஸ் ஞாபகம் வரும், இது வேறு. உள்ளே வரும் பொருள், வெளியே போகும் பொருள், அதன் இன்சூரன்ஸ், பெட்டி, லாரி எல்லாவற்றுக்கும் கணக்குப்பிள்ளை.

வாடகையா இரவலா என்றால் இரண்டும்தான். சொந்தக்காரர்கள் பொருளை இரவல் தருகிறார்கள்; அதையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கண்காட்சியாகக் கட்டி அனுப்புகிறவர்கள் அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். பெரிய மியூசியங்கள் சில, கட்டடத்தைப் பழுதுபார்க்க மூடும்போது, கிடங்கில் கிடப்பதற்கு ஊர் சுற்றிவிட்டு வரட்டும் என்று தங்கள் சேகரிப்பையே அனுப்பிவிடும். இதையே முழுநேர வேலையாகச் செய்யும் அமைப்புகளும் உண்டு. 1909-இல் தொடங்கிய அமெரிக்கன் ஃபெடரேஷன் ஆஃப் ஆர்ட்ஸுக்குச் சொந்தமாக மியூசியமே கிடையாது. சோழர் செப்புத் திருமேனிகளை வைத்து, கலை வரலாற்று அறிஞர் வித்யா தெஹேஜியா உருவாக்கிய கண்காட்சியைச் சுற்றுக்கு விட்டது அவர்கள்தான். 2002 நவம்பரில் வாஷிங்டன் சாக்லர் கேலரியில் தொடங்கி, அடுத்த வருஷம் டாலஸ் போய், கிளீவ்லேண்டில் முடிந்தது. கிளீவ்லேண்டில் நான் பார்த்தேன். அப்போது மாணவன், சிலை பார்க்கத்தான் போனேன். பெட்டி, லாரி என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத் தோன்றவில்லை.

இந்த அமைப்புகளின் பட்டியல் வரன் ஜாதகம் மாதிரி இருக்கும். தலைப்பு, எத்தனை பொருள், எத்தனை சதுர அடி தேவை, எத்தனை வாரம், என்ன கட்டணம், எந்தத் தேதிகள் காலி. இரண்டு மூன்று வருஷம் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணத்தைப் பார்த்துவிட்டு "அவ்வளவுதானா?" என்று கேட்கும் இயக்குநர்களை எனக்குத் தெரியும். அது வெறும் முன்பணம் மாதிரி. சுற்று முழுவதற்கும் ஆகும் லாரிச் செலவைக் கூட்டி எல்லா ஊருக்கும் சமமாகப் பங்கு போடுவது வழக்கம். பக்கத்து ஊரிலிருந்து வந்தாலும் நாட்டின் அந்தக் கோடியிலிருந்து வந்தாலும் பங்கு ஒன்றே. அப்புறம் சுவருக்குப் பெயிண்ட், பீடம், கண்ணாடிப் பேழை, கூடுதல் காவலாளி, கூரியருக்கு டிக்கெட், ஹோட்டல், தினப்படி. இங்கே கூரியர் என்றால் பார்சல் கம்பெனி இல்லை, பொருளை விட்டுப் பிரியாமல் கூடவே வரும் ஆள். ராத்திரி முழுக்க லாரியில் வந்து இறங்கி, காபிகூடக் குடிக்காமல் பெட்டியை எண்ணுவார்.

இன்சூரன்ஸ் தனிக்கதை. சுவரிலிருந்து கழற்றிய நிமிஷம் முதல் திரும்பவும் அதே சுவரில் மாட்டும்வரை காப்பு இருக்க வேண்டும். விலைமதிப்புள்ள வெளிநாட்டுப் பொருள்களுக்கு அந்த பிரீமியத்தைக் கட்டி மாளாது என்பதால், 1975-இல் அமெரிக்க அரசே பொறுப்பேற்கும் சட்டம் ஒன்று வந்தது. எகிப்து மன்னன் துட்டன்காமனின் புதையல் 1976 முதல் 1979 வரை அங்கே சுற்றி, ஏறக்குறைய 80 லட்சம் பேர் பார்த்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காசு இருந்தால் மட்டும் போதாது. 'ஃபெசிலிட்டி ரிப்போர்ட்' என்று பல பக்கப் படிவம் வரும். தீயணைப்பு எப்படி, ராத்திரிக் காவல் உண்டா, ஈரப்பதம் எவ்வளவு, பூச்சித் தொல்லை உண்டா, தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது. குழாய்க் கேள்வியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1963-இல் மோனாலிசா நியூயார்க் மெட்ரோபாலிடனுக்கு வந்திருந்தபோது, கிடங்கில் தீயணைப்புத் தண்ணீர் குழாய் பழுதாகி ஒரு ராத்திரி அதன்மேல் கொட்டியதாகப் பின்னாளில் அங்கே இயக்குநராக இருந்த தாமஸ் ஹோவிங் எழுதியிருக்கிறார். மேலே கண்ணாடி இருந்ததால் படம் தப்பியது.

எங்கள் படிவத்திலும் ஒரு கோளாறு நடந்தது. சரக்கு லிஃப்டின் உள் உயரத்தை ஒழுங்காக எழுதியிருந்தோம்; அதன் கதவு உயரத்தை எழுதவில்லை. பெட்டி கதவைவிட இரண்டு அங்குலம் உயரம். சாய்த்து நுழைத்துவிடலாம் என்றார் லாரிக்காரர். சாய்க்கக் கூடாது என்று பெட்டியின் நான்கு பக்கமும் அம்புக்குறி போட்டிருந்தது. கூரியர் அம்மா ஒன்றும் பேசாமல் பெட்டிமேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கீழ்த்தளத்திலேயே ஒரு ஹாலைக் காலி செய்தோம். அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் கதவைப் பார்த்தால் டேப்பைத் தேடுகிறேன்.

வந்ததும் பெட்டியைத் திறந்துவிட முடியாது. 24 மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். லாரியின் குளிரிலிருந்து திடீரென்று ஹால் சூட்டுக்கு வந்தால் மரம் விரிசல் விடும், பெயிண்ட் உரியும். மாட்டும்போதும் கெடுபிடி. காகிதம், துணி, வாட்டர்கலர் என்றால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. "உள்ளே ஒரே இருட்டு" என்று பார்வையாளர் புத்தகத்தில் திட்டுகிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

சின்ன மியூசியத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. அதனால் அசல் பொருள் இல்லாத கண்காட்சியில் ஆரம்பிப்பது நல்லது என்பேன். அமெரிக்காவின் தேசிய மியூசியங்களை நடத்தும் ஸ்மித்சோனியனில் 1952 முதல் பயணக் கண்காட்சிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 1994-இல் அவர்கள் தொடங்கிய 'மியூசியம் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' திட்டம் சிற்றூர்களுக்கானது. நிற்கவைக்கும் பேனல்களும் படங்களும் பெட்டிகளில் வரும். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பழைய சாமான்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். கூட்டம் பெரும்பாலும் அந்தச் சாமான்கள் பக்கம்தான் நிற்கும்.

என் வேலையில் எனக்குப் பிடித்தது 'கண்டிஷன் ரிப்போர்ட்'. கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கும்போது, அண்டா எங்கே நசுங்கியிருக்கிறது, கரண்டி எத்தனை என்று பார்த்து எழுதி வாங்குவோம் இல்லையா, அதேதான். ஒவ்வொரு பொருளோடும் ஒரு கோப்பு பயணம் செய்யும். ஒவ்வொரு ஊரிலும் பெட்டி திறந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, பழைய காயத்தைச் சரிபார்த்து, புதிதாக ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். திரும்பக் கட்டும்போது இன்னொரு கையெழுத்து.

ஒரு சுற்றில் தென்னிந்தியாவைச் சேர்ந்த ஒரு சின்ன அம்மன் விக்ரகம் வந்தது. தமிழ்நாட்டுக் கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியா 2014-இல் திருப்பிக் கொடுத்த செய்தி வந்த பிறகு, இம்மாதிரிச் சிலை என்றாலே எங்கள் வக்கீல் உரிமைப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார். அது முடிந்து மேஜைக்கு வர ஒரு வாரம் ஆனது. கோப்பில், "முகம்: மூக்கு நுனி, கன்னம், உதடு, மேற்பரப்பு இழப்பு, காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரியும். பாலும் சந்தனமும் ஊற்றி, தலைமுறை தலைமுறையாகக் கையால் தேய்த்து விட்ட முகம் அது. எங்கள் தலைமை ரெஜிஸ்ட்ராரிடம் சொன்னேன். "இதைச் சேதம் என்று எழுத முடியாதே, அப்புறம் என்ன எழுதுவது?" என்று கேட்டுவிட்டு, அவரே அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'அபிஷேகம்' என்று ஆங்கில எழுத்தில் எழுதினார். எழுத்துக்கூட்டி நான்தான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து அவளைக் கட்டி அனுப்பும்போது திரும்பவும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த வரிக்குக் கீழே "மாற்றம் இல்லை" என்று எழுதித் தேதி போட்டேன்.