வேலை கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்தால் மட்டும் போதுமா?

குரூப் 4 தேர்வுக்குத் தயாராவதாகவும், கிராம நிர்வாக அலுவலராக அமர்ந்திருப்பதைப் போல நாள்தோறும் கண்ணை மூடிக் கற்பனை செய்வதாகவும், ஆனால் புத்தகத்தைத் திறக்க மட்டும் மனம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கற்பனையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். விட வேண்டாம், அதில் வரும் காட்சியை மாற்றுங்கள். சேலத்தில் போட்டித் தேர்வு எழுதுவோருக்கு விடுமுறை நாள்களில் கணக்குச் சொல்லித் தருபவன் என்ற முறையில், உங்களைப் போன்ற பலரை அருகிலிருந்து பார்த்து வருகிறேன்.

புத்தகத்தைத் திறக்க மனம் வராததற்கு உங்கள் சோம்பல் காரணமில்லை என்றே கருதுகிறேன். விரும்பியது கைகூடிவிட்டதாகக் கற்பனை செய்யும்போது உடலின் ஊக்கம் குறைந்துவிடுகிறது என்பதை, உளவியலாளர்கள் ஹெதர் காப்பெஸ், கேப்ரியேல் ஏட்டிங்கன் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இரத்த அழுத்தத்தையும் ஓர் அளவுகோலாகக் கொண்டு காட்டினார்கள். வேலை கிடைத்த நிறைவை மனம் முன்கூட்டியே அனுபவித்துவிட்டால், அதற்காக உழைக்கும் வேகம் தணிவது இயல்புதானே. இதற்கு மறுபக்கமும் உண்டு. லியன் பாம், ஷெல்லி டெய்லர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மதிப்பெண் பெறுவதை மட்டும் கற்பனை செய்த கல்லூரி மாணவர்களைவிட, தாங்கள் உட்கார்ந்து படிப்பதையே மனக்கண்ணில் கண்டவர்கள் கூடுதலாகப் படித்து, கூடுதலாக மதிப்பெண்ணும் பெற்றார்கள்.

என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் இது தெளிவாகும். ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தைச் சேர்ந்த அவர், சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். மாலையில் வீடு திரும்பும் பேருந்தில் படித்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். ஆனால் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, அவற்றில் புத்தகத்தைப் பார்த்தால் தலை சுற்றி வாந்தி வரும். படிக்க முடியாமல் போன ஒவ்வொரு மாலையும், தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் அவருக்குள் வளர்ந்துகொண்டே போயிற்று. இருவரும் உட்கார்ந்து பேசி, அந்தப் பயணத்தையே இரண்டாகப் பிரித்தோம். பேருந்து நிலையத்தில் உட்கார இடம் கிடைத்ததும் புத்தகத்தைத் திறந்து, அடிவாரம் வரைக்கும் தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்குகளில் இரண்டு மூன்றைப் படிக்க வேண்டும். முதல் வளைவு வந்ததும் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, படித்த கணக்கின் ஒவ்வொரு படியையும் தாளில் எழுதுவது போலவே மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவியதும் அதையே நோட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். அவருக்கு இன்னும் அரசு வேலை கிடைக்கவில்லை. ஆனால் மாதிரித் தேர்வில் கணக்குப் பகுதியைத் தொடாமல் விட்டுவிடும் வழக்கம் அவரிடம் இப்போது இல்லை.

‘இன்ன தடை வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று இடமும் நேரமும் குறித்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது, வெறுமனே ‘நன்றாகப் படிப்பேன்’ என்று உறுதி எடுப்பதைவிடப் பயன் தரும் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது. தடையை நினைப்பதே எதிர்மறை எண்ணம் என்று மேடைகளில் சிலர் பேசுவது, படிக்கும் பிள்ளைகளுக்குப் பெருந்தீங்கு செய்வதாக எனக்குப் படுகிறது.

நேர்மறை எண்ணமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தன்னம்பிக்கை என்றதும் எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைத்தான் சொல்வார்கள். ஐந்து வயதில் விபத்தில் வலது கால் சிதைந்த அவர், 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். உயரம் தாண்டும் ஒருவருக்கு அடுத்த உயரத்தின் மீது நம்பிக்கை வருவது, பயிற்சியில் தாண்டிய உயரங்களால்தான். ஏட்டிங்கனும், கடந்தகால அனுபவத்தில் வேரூன்றிய எதிர்பார்ப்பு ஊக்கம் தருவதையும், வெறும் இனிய கற்பனை ஊக்கத்தைக் குறைப்பதையும் வேறுபடுத்தியே காட்டுகிறார்.

ஆகவே இன்றிரவு பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, அதிலுள்ள 25 திறனறி வினாக்களில் பத்தை மட்டும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறினீர்களோ அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, படுக்கும் முன், நாளை எந்த நேரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கை மறுபடி போடப்போகிறீர்கள் என்பதைக் கண்ணை மூடிப் பாருங்கள். நாற்காலிக் காட்சிக்கு ஒரு நிமிடம் போதும்.