நோட்டீஸ் போர்டில் மார்க் ஒட்டலாமா? கேள்வி பதில்

கே: பெயரை எடுத்துவிட்டு ரிஜிஸ்டர் நம்பர் மட்டும் போட்டு இன்டர்னல் மார்க்கை ஒட்டினால் போதும்தானே சார்? (உதவிப் பேராசிரியர், தாம்பரம்)

போதாது மேடம். அந்த நம்பர் ஹால் டிக்கெட்டிலும் சீட்டிங் பிளானிலும் இருக்கிறது. பெரும்பாலும் பெயர் வரிசையில்தான் கொடுத்திருப்பார்கள். நம்பர் வரிசையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கடைசி மூன்று இலக்கம் மட்டும் போடுவது இன்னும் வேடிக்கை. ஒரே வகுப்பில் மாறுவதே அந்த மூன்றுதான்!

ஒட்டியே ஆகணும் என்றால், ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியக் குறியெண் தனியாகக் கொடுங்கள். எக்செலில் பக்கத்து நெடுவரிசையில் ராண்ட் ஃபார்முலா (தற்செயல் எண் தருவது) போட்டு, அதை வெறும் எண்ணாக மாற்றி ஒட்டி (இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருக்கும்), அதன்படி முழுப் பட்டியலையும் அடுக்குங்கள். பிறகு குறியெண், மார்க் இரண்டையும் மட்டும் புதிய ஃபைலில் ஒட்டி பிடிஎஃப் ஆக்குங்கள். பெயர் நெடுவரிசையை ஹைட் செய்து அதே ஃபைலை அனுப்பினால், அன்ஹைட் செய்ய இரண்டு கிளிக் போதும். மார்க் வரிசையில் அடுக்க வேண்டாம். முதல் வரி யாருடையது என்று வகுப்புக்கே தெரியும். அடுத்த டெஸ்டுக்குக் குறியெண்ணையும் மாற்றுங்கள். ஆறு பேர் மட்டும் படிக்கும் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்றால் இதெல்லாம் வீண், தனித்தனியாகவே சொல்லிவிடுங்கள்.

கே: கிளாஸ் வாட்ஸாப் குரூப்பில் மார்க்கைப் போடச் சொல்கிறார் எச்ஓடி (துறைத் தலைவர்). வேறு வழி? (வகுப்பு ஆலோசகர், ஆவடி)

கூகுள் கிளாஸ்ரூமில் மார்க்கைத் திருப்பி அனுப்பினால் அவரவருக்கு அவரவர் மார்க் மட்டும்தான் தெரியும். மெயில் மெர்ஜ் (பட்டியலிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனி மெயில் அனுப்புவது) என்றால், அனுப்பும் முன் மெயில் முகவரி நெடுவரிசையை மட்டும் தனியாக சார்ட் செய்துவிடாதீர்கள். ஒருத்தர் மார்க் இன்னொருத்தருக்குப் போய்விடும். முதலில் இரண்டு வரியை உங்கள் மெயிலுக்கே அனுப்பிப் பாருங்கள்.

கே: நண்பனுக்கு எப்படி அவ்வளவு மார்க் வந்தது? ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டு அவன் பேப்பரைக் கேட்கலாமா? (மாணவர், கிண்டி)

உங்கள் பேப்பரைக் கேளுங்கள் தம்பி. தேர்வர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம் என்று 2011-ல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தியவர் பெயர் கிடைக்காது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். விடைத்தாளை வைத்திருக்கும் காலம் முடிந்தால் உரிமையும் முடிந்தது. ரிசல்ட் வந்ததுமே போடுங்கள். நண்பனுடையது தனிநபர் தகவல், அதே சட்டத்தின் பிரிவு 8(1)(ஜெ) குறுக்கே நிற்கும்.

கே: புதிய தரவுச் சட்டம் (டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) கல்லூரிக்கும் பொருந்துமா?

பொருந்தும். சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும்.

கே: மகள் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறாள். கிரேடு கேட்டால் பல்கலைக்கழகம் சொல்ல மறுக்கிறது. (மயிலாப்பூர் அம்மா)

அமெரிக்காவில் 1974-லிருந்து, கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்று சொல்லும் ஃபெர்பா என்ற சட்டம் இருக்கிறதம்மா. பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் அந்த உரிமை மாணவருடையது, ஃபீஸ் யார் கட்டினாலும் சரி. மகள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் சொல்வார்கள். அதைவிட அவளிடமே கேட்பது சுலபம்.