கார் இல்லாமல் பிரான்சின் பழைய ஊர்களைப் பார்க்க எங்கே தங்கலாம்?

ஒரு வார விடுமுறை, பாரிஸ் வேண்டாம், கார் ஓட்டுவதாகவும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் தெற்கே அவிஞோனில் அறை எடுங்கள், வாரம் முழுக்க அங்கேயே. தினம் ஓர் ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் கடைசியில் ரயில் நிலையங்கள்தான் ஞாபகம் இருக்கும்.

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. பெரும்பாலான ரயில்கள் ஊருக்கு வெளியே உள்ள புது நிலையத்தில்தான் நிற்கும். அங்கிருந்து சின்ன ரயில் பிடித்தால் ஐந்தாறு நிமிடத்தில் கோட்டை மதிலுக்கு எதிரே இறங்கலாம்.

1309 தொடங்கி எழுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக, போப்பாண்டவர்கள் ரோமை விட்டு இங்கே இருந்தார்கள். அவர்கள் கட்டிய அரண்மனை பிரம்மாண்டம், ஆனால் உள்ளே பெரும்பாலும் வெற்று அறைகள். போப்பின் படுக்கையறையை மட்டும் விட்டுவிடாதீர்கள்: நீலச் சுவர் முழுக்கக் கொடிகளும் பறவைகளும். பெயர்பெற்ற உடைந்த பாலத்தில் 22 வளைவுகளில் 4தான் மிச்சம், மற்றதெல்லாம் வெள்ளத்தோடு போயிற்று. காசு கொடுத்து அதன்மேல் நடப்பதைவிட மேலே உள்ள பூங்காவிலிருந்து பார்ப்பதே அழகு.

ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் போன் து கார் போங்கள், ஆற்றைத் தாண்டி வாய்க்காலைக் கொண்டுபோன பழைய பாலம் அது. அவிஞோனிலிருந்து பஸ் உண்டு. திரும்பி வரும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ரோமானியர்கள் கட்டியது. மூன்று அடுக்கு, கிட்டத்தட்ட 49 மீட்டர் உயரம். வாய்க்காலின் மொத்த நீளம் சுமார் 50 கிலோமீட்டர், அத்தனை தூரத்துக்கும் சரிவு 13 மீட்டர்கூட இல்லை! ஆற்றில் கால் நனைத்ததோடு திரும்பிவிடாமல் தூண்களை நெருங்கிப் பாருங்கள். சாரம் கட்டுவதற்காக விட்ட கற்கள் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சில கற்களில் 'முன்பக்கம், இடது, 3' என்கிற மாதிரி எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்ற குறிப்பு லத்தீன் எழுத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் பார்க்க வந்த கொத்தர்கள் தங்கள் பெயரையும் சுத்தியலையும் அழகாகச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்மூர்க் கோட்டைச் சுவர்களில் காதலர்கள் கிறுக்குவதற்கு இது எவ்வளவோ தேவலை.

நீம், ஆர்ல் இரண்டும் ரயிலில் அரை மணி நேரம் போலத்தான். ஆர்லுக்குச் சனிக்கிழமை போனால் சந்தையும் கிடைக்கும். அங்குள்ள ரோமானிய அரங்குக்குள் இடைக்காலத்தில் ஒரு குட்டி ஊரே குடியிருந்தது. அப்போது எழுப்பிய காவல் கோபுரங்களில் மூன்று இன்றும் உண்டு.

கோர்த், ரூசியோன் போன்ற மலைக் கிராமங்களுக்கு மட்டும் வேன் சுற்றுலாவில் சேர்ந்துகொள்ளுங்கள், பஸ்ஸை நம்ப முடியாது. கோட்டை நகரமான கார்கசோன் ஒரே நாளில் போய் வரும் தூரமில்லை, அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஜூலையில் அவிஞோனில் நாடக விழா. நாடகத்தில் ஆர்வமில்லையென்றால் மே அல்லது செப்டம்பரில் போங்கள், அறை வாடகையாவது கட்டுக்குள் இருக்கும்.