கண்ணாடிச் சொப்பு: கேள்வியும் பதிலும்

கேள்வி: பழைய கண்ணாடிச் சொப்பில், பிங்க் நிற 'செர்ரி பிளாசம்' குழந்தைகள் செட் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் 14 உருப்படிதான், டீபாட்டைக் காணோம். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, அந்தச் செட்டில் டீபாட்டே கிடையாது. நாலு கப், நாலு சாசர், நாலு தட்டு, ஒரு பால் குவளை, ஒரு சர்க்கரைக் கிண்ணம், அவ்வளவுதான். 1930களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜெனெட் கிளாஸ் கம்பெனி இதைச் செய்து விற்றபோதே 14 தான். சர்க்கரைக் கிண்ணத்துக்கு மூடியும் இல்லை, அதைத் தேடி அலையாதீர்கள்.

எல்லா செட்டும் இப்படி இல்லை என்பதுதான் சிக்கல். ஹேசல் அட்லஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் 'லிட்டில் ஹோஸ்டஸ்' செட் டீபாட் இல்லாமல் 14 உருப்படியாகவும் வந்தது, டீபாட்டோடு 16 ஆகவும் வந்தது. 16 என்பதில் டீபாட் ஒன்று, அதன் மூடி ஒன்று. குழந்தை டீ ஊற்றுவதாகப் பாவனை செய்து சாய்க்கும்போது முதலில் விழுந்து உடைவது மூடிதான், அதனால் மூடியோடு கிடைக்கும் டீபாட்டுக்கு விலை எகிறும். எந்தச் செட்டில் எத்தனை உருப்படி என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேரம் பேசவே ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி: அதே செர்ரி பிளாசத்தில் குட்டி வெண்ணெய்ப் பாத்திரம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. மிக அபூர்வம் என்கிறார் விற்பவர்.

பதில்: அபூர்வம் என்ன, அப்படி ஒன்றை ஜெனெட் செய்யவே இல்லை! 1970களில் போலிகள் வந்தபோது புதிதாக முளைத்தது அது. பெரியவர்கள் செட்டில் வெண்ணெய்ப் பாத்திரம் உண்டு, அதன் குட்டி என்று சொன்னால் நம்பும்படிதானே இருக்கிறது. அதே போலிகளில் கப்பும் வந்தது. முதலில் வந்தவற்றில் கைப்பிடி கொஞ்சம் கோணலாக இருக்கும், செர்ரிப் பழங்கள் தலைகீழாகத் தொங்கும். பின்னால் வந்தவற்றில் திருத்திக்கொண்டார்கள், ஆகவே இந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி எதையும் அசல் என்று முடிவுகட்ட வேண்டாம்.

போலியை வாங்குவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அழகாக இருந்தால் போலி விலைக்கு வாங்கி வையுங்கள்.

கேள்வி: புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் பழைய கண்ணாடி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஒளிர்வது யுரேனியம் கலந்த கண்ணாடி. அதை இன்றும் செய்கிறார்கள். மாங்கனீசு கலந்ததும் மங்கலாகப் பச்சை காட்டும். விளக்கு காட்டுவது கலவையை, வயதை அல்ல. அதைவிட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: உண்மையாகப் புழங்கிய சொப்பில் தரையில் படும் விளிம்பில் மட்டும் கீறல்கள் தாறுமாறாக இருக்கும், உப்புத்தாளால் தேய்த்தது ஒரே திசையில் ஓடும்.

கேள்வி: ஆக்ரோ அகேட் செட்டில் கப் ஒரு நிறம், சாசர் வேறு நிறம். யாரோ கலந்துகட்டி விற்றுவிட்டார்களா?

பதில்: நிறத்தை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம், ஆக்ரோ கம்பெனியே அப்படிப் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் கோலிக்குண்டு செய்து பெயர் வாங்கிய கம்பெனி அது, 1951இல் மூடிவிட்டார்கள். கோலிக்குண்டின் அந்தச் சுழல் நிறங்களேதான் சொப்பிலும் வந்தன, இந்தத் துறையில் என் மனசுக்குப் பிடித்தது இவைதான். கவனிக்க வேண்டியது அளவை. ஒரே வடிவத்தில் பெரிய செட், சின்ன செட் என இரண்டு உண்டு, ஒன்றின் மூடி மற்றதில் உட்காராது. தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பவர்கள் ஸ்கேல் இல்லாமல் கடைக்குப் போகக் கூடாது. அடியில் A எழுத்தைத் துளைத்துப் பறக்கும் காக்கை முத்திரை இருந்தால் ஆக்ரோ. ஆனால் எல்லா உருப்படியிலும் அது இருக்காது, இல்லை என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய அட்டைப் பெட்டியும் சேர்ந்து வந்தால், அது கிழிந்திருந்தாலும் பசை ஒட்டி 'சரிசெய்ய' வேண்டாம், அப்படியே விடுங்கள்.

கேள்வி: 1930களுக்கு முன்னால் கண்ணாடிச் சொப்பே இல்லையா?

பதில்: நிறைய உண்டு. மாசசூசெட்ஸின் சாண்ட்விச் ஊரில் 1825 முதல் 1888 வரை இயங்கிய ஆலை, அச்சில் அழுத்தி, பின்னல்வேலை போன்ற நுணுக்கத்தோடு குட்டித் தட்டுகளும் கிண்ணங்களும் செய்தது, இஸ்திரிப்பெட்டிகூட உண்டு. அப்புறம் 1880களில் வந்த 'மெனாஜெரி' செட்டைச் சொல்லாமல் விட முடியாது: பால் குவளை ஆந்தை, சர்க்கரைக் கிண்ணம் கரடி, ஸ்பூன் வைப்பது மீன், வெண்ணெய்ப் பாத்திரம் ஆமை. அந்தக் காலத்தில் மேஜை செட் என்றால் இந்த நாலு பாத்திரங்கள்தான். முழுதாகச் சேர்ப்பது பெரும்பாடு. ஒரு எச்சரிக்கை, பெரியவர்கள் மேஜையில் இருந்த உப்புக் கிண்ணங்களையும் 'சொப்பு' என்று சொல்லி விற்றுவிடுவார்கள்.

கேள்வி: எப்படிக் கழுவுவது?

பதில்: வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, அடியில் ஒரு துண்டு விரித்த தொட்டி. பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் பளபளப்பு போய் வெள்ளை படரும், அது திரும்ப வராது. மெக்கீ கம்பெனியின் 'லாரல்' செட்டில் ஸ்காட்டி நாய்க்குட்டிப் படம் ஒட்டியிருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.