சில்லருக்கு நேர் மேலே ஏசி டக்ட் வைக்கலாமா? கடைக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: மதுரை அண்ணா நகரில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன் சார். எட்டடி ஓப்பன் சில்லரில்தான் பால், தயிர், பன்னீர் எல்லாம். மேல் இரண்டு தட்டில் இருக்கிற பால் பாக்கெட் குளிரவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக் இரண்டு தடவை கேஸ் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். சில்லருக்கு நேர் மேலே ஏசி காற்று வருகிற குழாயான டக்டின் வாய் இருக்கிறது, கூடுதலாகக் குளிரட்டும் என்று நாங்களே கேட்டு வைத்தது.

பதில்: கேஸை விடுங்கள், எனக்கு அந்த டக்ட் வாய் மேல்தான் சந்தேகம். ஓப்பன் சில்லருக்குக் கதவு கிடையாது, அதன் வேலையைக் காற்றுதான் செய்கிறது. மேல் விளிம்பில் தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு பட்டை இருக்கும் பாருங்கள், அதிலிருந்து குளிர்காற்று மெல்லிய திரையாக இறங்கி, கீழே முன்பக்கக் கிரில்லுக்குள் போய், காற்றைக் குளிர வைக்கிற காயிலைத் தொட்டு மறுபடி மேலே வரும். நொடிக்குக் கால் மீட்டர் வேகத்தில் குறுக்கே ஒரு காற்று வந்தாலே இந்தத் திரை கலைந்துவிடும், அது முகத்தில் பட்டால் நமக்கு லேசாகத்தான் தெரியும். டக்ட் வாயிலிருந்து வருவதோ அதைப் போல பல மடங்கு வேகம். அதோடு ஏசி காற்று வெளியே வரும்போது 14, 15 டிகிரி இருக்கும். நமக்கு அது குளிர், ஆனால் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பாலுக்கு அது சூடு. இந்த வகைச் சில்லரின் காயிலுக்கு விழுகிற வெப்பச் சுமையில் ஏறக்குறைய முக்கால் பங்கு, திரையைத் தாண்டி உள்ளே கலக்கிற கடைக்காற்றால்தான் வருகிறது, அதனால்தான் எத்தனை தடவை கேஸ் ஏற்றினாலும் மேல் தட்டு அப்படியே இருக்கிறது.

நாளைக் காலையில் கடை திறந்ததும் சாமிக்கு ஏற்றுகிற ஊதுபத்தியில் ஒன்றை எடுத்து, சில்லரின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஏசி ஓடாதபோது புகை நூல் பிடித்தது போல நேராக இறங்கிக் கீழ்க் கிரில்லுக்குள் போக வேண்டும். அப்புறம் ஏசியைப் போட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள். போன மாதம் இதே புகாரோடு கூப்பிட்ட ஒரு கடையில், புகை இரண்டாவது தட்டு வரை வந்து, அங்கேயே சுருண்டு வெளியே என் சட்டைப் பக்கம் திரும்பியது. அன்றே டக்ட் வாயில் சில்லரைப் பார்த்த பக்கத்தைத் தகடு வைத்து அடைத்தோம். நீங்களும் முதலில் அதைச் செய்யலாம், கூரையில் பதித்து நாலு பக்கமும் காற்று விடுகிற காசெட் ஏசியாக இருந்தால் அந்தப் பக்கத்து வாயை மட்டும் அடைக்க வழி இருக்கிறது. நிரந்தரமாகச் செய்வதென்றால் வாயைச் சில்லரிலிருந்து ஆறடிக்குக் குறையாமல் தள்ளி, காற்று சில்லருக்கு முதுகு காட்டிப் போகிற மாதிரி திருப்பி வையுங்கள். ஒரு வாயை அடைத்தால் மிச்ச வாய்களில் காற்று கூடும், டக்டுக்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கிற தகடான டேம்பரைத் திருப்பிச் சரிக்கட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, கீழ்க் கிரில்லை மறைத்து முட்டை அட்டை, ஆஃபர் பலகை எதுவும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: திருமங்கலத்தில் எங்கள் கடையில் சில்லர் வரிசைப் பக்கம் போனால் கால் விறைக்கிறது, பில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கோ வியர்க்கிறது. ஏசியைக் கூட்டுவதா, குறைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். சில்லரிலிருந்து சிந்துகிற குளிர்காற்று கனமானது, தரையோடு தரையாக முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்கும். நீங்கள் கரன்ட் பில் கட்டி உண்டாக்கிய குளிர் அது, ஏன் வீணாக வேண்டும்? கடைக்காற்றை ஏசி திரும்ப இழுக்கிற ரிட்டர்ன் கிரில்லைக் கூரையில் வைக்காமல் அந்த வரிசையின் கடைசியில் தரை ஒட்டி வைத்தால், மெஷின் அந்தக் குளிரையே இழுத்துக் கவுண்டர் பக்கம் கொடுக்கும். சில்லரின் முகத்துக்கு எதிரே மட்டும் வைக்காதீர்கள், திரையைப் பிய்த்து இழுத்துவிடும். தெர்மோஸ்டாட் அந்த வரிசையில் இருந்தால் அதையும் மாற்றுங்கள். கடை முழுக்கக் குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அது காம்ப்ரசரை நிறுத்திவிடும்.

கேள்வி: மேலூரில் மளிகைக்கடை. புதிதாக மூன்று விசிகூலர் (கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி), ஒரு டீப் ஃப்ரீசர் இறக்கினேன். முன்பு போதுமாக இருந்த 2 டன் ஏசி இப்போது போதவில்லை. நாலு குளிர்பெட்டி வந்த பிறகு கடை இன்னும் குளிரத்தானே வேண்டும்?

பதில்: பிளக்கில் செருகி ஓட்டுகிற பெட்டிகள் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துப் பின்னால் உங்கள் கடைக்குள்ளேயேதான் விடும், அதோடு அது குடிக்கிற கரன்ட் முழுவதும் சூடாகிவிடும். ஒரு பெட்டி சராசரியாக 400 வாட் இழுக்கிறது என்று வைத்தால் நாலுக்கும் 1.6 கிலோவாட். 1 டன் ஏசி என்பது 3.5 கிலோவாட், அப்படியானால் கிட்டத்தட்ட அரை டன் இதற்கே போய்விட்டது. சித்திரை, வைகாசியில் தாங்குமா? பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், ரிட்டர்ன் கிரில்லை அந்தச் சூடு ஏறுகிற இடத்துக்கு மேலே வையுங்கள். சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரை மாடியில் வைக்கிற சில்லராக இருந்தால் கதை நேர் எதிர், அது கடையைக் குளிர வைக்கும்.

கேள்வி: உசிலம்பட்டியில் கடை வைத்திருக்கிறேன் தம்பி. ஐப்பசி மழை வந்தால் ஃப்ரீசர் கண்ணாடிக் கதவு வியர்த்து ஊற்றுகிறது, தரையெல்லாம் ஈரம்.

பதில்: காற்றின் ஈரம்தான் அக்கா. 24 டிகிரி, 55 சதவீத ஈரப்பதத்தில் கடை இருந்தால் 14 டிகிரிக்குக் கீழே இருக்கிற பொருள்தான் வியர்க்கும். வெளியே 30 டிகிரி, 80 சதவீதம் இருக்கிற மழைநாளில் வாசலைத் திறந்து போட்டால் 26 டிகிரியில் இருக்கிற கண்ணாடியே வியர்த்துவிடும். முதலில் வாசல் கதவைச் சாத்துங்கள். ஏசியின் ஃபேனை ஓயாமல் ஓட விடாமல் ஆட்டோவில் போடுங்கள், இல்லையென்றால் காம்ப்ரசர் நின்ற பிறகு காயிலில் இருக்கிற தண்ணீரை அதே ஃபேன் மறுபடி கடைக்குள் விடும். கரன்ட் மிச்சம் என்று யாராவது கண்ணாடி வியர்க்காமல் இருக்க வைத்திருக்கிற கதவு ஹீட்டரை அணைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். குளிர்ந்த டக்ட் காற்று கண்ணாடி மேல் படவே கூடாது.

கேள்வி: திருப்பரங்குன்றத்தில் ஜிகர்தண்டா கடை அண்ணே, ஏசி இல்லை. ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டி ஃப்ரீசருக்கு நேர் மேலே சீலிங் ஃபேன். இதுவும் தப்பா?

பதில்: ஆமாம் தம்பி. அண்டாவில் தண்ணீர் நிற்பது போல அந்தப் பெட்டிக்குள் குளிர்காற்று நிற்கிறது, மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஃபேன் அதைக் கலக்கி விடுகிறது. ஓரத்தில் வெள்ளையாகப் பனி ஏறுகிறதென்றால் அதுதான் காரணம். ஃபேனை உட்காருகிற மேஜைப் பக்கம் மாற்றுங்கள், முடியாவிட்டால் பெட்டியையாவது நகர்த்துங்கள். கூட்ட நேரத்தில் ஒவ்வொரு டம்ளருக்கும் மூடியைத் திறக்காமல், சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து வெளியே வைத்துக்கொண்டு பரிமாறுங்கள்.