மூடினால் மறைந்துவிடும் பாகத்தை ஒட்டத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் தம் நிலைமையைச் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறார். மலைப்பகுதியில் இருப்பவர். அசலில் 35-இல் ஒரு பங்கு (1/35) அளவில், உள்பாகங்கள் அனைத்தும் அடங்கிய எம்3 லீ டாங்க் கிட் ஒன்றை, அதாவது பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி நாமே கட்டும் மாடல் பெட்டியை, வாங்கியிருக்கிறார். பாகங்கள் மிகச் சிறியவையாக இருப்பதால் சலிப்புத் தட்டிவிட்டது. மேல்தட்டை மூடிய பிறகு வெளியே தெரியப் போகாத பாகங்களை ஒட்டாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார்.

யாருக்கும் தெரியாது. இந்த ஒரு வரியோடு நான் நிறுத்தியிருப்பேன். ஆனால் ஏற்கெனவே பதில் எழுதியவர்களில் ஒரு பாதியினர், ஒரு பாகத்தை விட்டால்கூட நீங்கள் இந்தப் பொழுதுபோக்குக்கே தகுதியற்றவர் என்கிறார்கள். மறுபாதியினர், பொம்மைதானே, எதை வேண்டுமானாலும் தூக்கி எறியுங்கள் என்கிறார்கள். இரு தரப்பினரும் அந்தப் பாகம் வண்டியில் என்ன வேலை செய்தது என்று கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. விடுவதா ஒட்டுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் அநேகமாக வேலை முடிந்து வந்து, இரவில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், போதாத வெளிச்சத்தில் இதைச் செய்துகொண்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் செய்கிறேன். குன்னூரில் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் எனக்கு வேலை. பகல் முழுவதும் மெழுகில் பற்களைச் செதுக்கிவிட்டு, இரவில் அதே கருவிகளைக் கொண்டு பிளாஸ்டிக்கைச் சுரண்டுகிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை; நுண்வேலைக்குக் கை பழகியவள் என்பதால் உனக்கு எளிது என்று யாரேனும் எழுதக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கை பழகியிருந்தாலும் அரை மில்லிமீட்டர் கைப்பிடி ஒன்று ட்வீசரிலிருந்து துள்ளிப் போனால் போனதுதான். எங்கள் வீட்டில் பழைய காலத்துப் பலகைத் தரை. பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் விழுந்த எந்தப் பாகமும் இதுவரை திரும்பி வந்ததில்லை. நகை செய்யும் ஆசாரிகள் பொன்துகள் சிந்தாமல் இருக்க மேசை விளிம்பிலிருந்து மடிவரை ஒரு துணியைக் கட்டிக்கொள்வார்கள் அல்லவா, அதைப் பார்த்து நானும் ஒன்று தைத்துக்கொண்டேன். முதலில் அதைச் செய்யுங்கள்; விழுந்ததைத் தேடும் எரிச்சல் குறைந்தாலே சலிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

நான் கட்டியது டாங்க் அல்ல, யுனிவர்சல் கேரியர். பிரென் கேரியர் என்று பலரும் சொல்வது இதைத்தான். மேற்கூரை இல்லாத, டிராக்கில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையில்) ஓடும் சிறு கவச வண்டி. ஒரு லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. ஏன் இந்த வண்டி என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1941 ஜனவரி இறுதியில் அபிசீனிய (இன்றைய எத்தியோப்பிய) எல்லையில் மெதெம்மாவைத் தாண்டி, பின்வாங்கும் இத்தாலியப் படையைத் துரத்திச் சென்ற அணிக்கு முன்னால், பம்பாய் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த இரண்டாம் லெப்டினன்ட் பிரேமிந்திர சிங் பகத் ஒரு கேரியரில் சென்றார். நான்கு நாட்களில், 55 மைல் தூரத்தில், 15 இடங்களில் புதைத்து வைக்கப்பட்டிருந்த கண்ணிவெடித் தொகுதிகளைக் கண்டறிந்து அகற்றச் செய்தார். இரண்டு முறை அவருடைய வண்டியே வெடியில் சிக்கி, உடன் வந்தவர்கள் பலியாயினர் அல்லது காயமுற்றனர். மூன்றாவது முறை எதிரிகள் பதுங்கியிருந்து சுட்டனர். அவர் வேலையை நிறுத்தவில்லை. இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்திய அதிகாரி அவர்தான். போர் வண்டிகளைச் செய்வது போரைக் கொண்டாடுவதாகும் என்று எழுத வருபவர்களுக்கும் இதுவே என் பதில்: வெடி வைத்தவரின் வண்டியை நான் செய்யவில்லை, வெடி எடுத்தவர் சென்ற வகை வண்டியைச் செய்தேன். வகை என்றுதான் சொல்கிறேன் என்பதையும் கவனிக்க வேண்டும். என் பெட்டியில் இருந்தது மார்க் 2. பகத் ஏறிச் சென்ற அதே வண்டி என்று நான் எங்கும் உரிமை கொண்டாடவில்லை. பெட்டியில் இருந்த டிக்கால்களும் (வண்டியின் மேல் ஒட்டும் அடையாளப் படங்களும்) ஐரோப்பியக் களத்துப் பிரிட்டிஷ் பிரிவுகளுடையவை என்பதால் அவற்றை ஒட்டாமலே விட்டேன்.

இனி, கிட் என்ன சொல்கிறது, வண்டி என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். கேரியரின் கவசத் தகடு 7 முதல் 10 மில்லிமீட்டர் கனம்தான். அதை 35-ஆல் வகுத்தால் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். லேபில் கிரவுனின் (பல்லுக்கு மேல் போடும் உறையின்) கனம் பார்க்கும் காலிப்பரால் என் கிட்டின் பக்கச்சுவரை அளந்தேன்; ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் காட்டியது. அசல் அளவுக்குப் பெருக்கினால் அது 35 மில்லிமீட்டர் கவசம். அவ்வளவு கனமான தகடு அந்த வண்டிக்கு என்றுமே இருந்ததில்லை. இருந்திருந்தால் 85 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்டு வி8 எஞ்சின் அதை மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்திருக்காது. பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றும்போது 0.2 மில்லிமீட்டருக்கு மெலிதாக்க முடியாது என்பதால் தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூரையில்லாத வண்டியில் சுவரின் மேல்விளிம்புதான் பார்ப்பவர் கண்ணில் முதலில் படும். எனவே உட்புறமாகச் சரித்துச் சுரண்டி, விளிம்பை மட்டும் மெலிதாக்கினேன். பெட்டிகளையும் மட்கார்டுகளையும் பித்தளைத் தகட்டில் மடித்துச் செய்தேன். அந்தத் தகட்டின் கனமே 0.2 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும், ஆதலால் பிளாஸ்டிக்கைவிட அசலுக்கு நெருக்கமாக இருக்கிறது. பித்தளைப் பாகங்களை வெறும் ஆடம்பரம் என்று பலர் ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. எல்லா இடத்திலும் தேவையில்லை, தகடு தகடாகத் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் தேவை.

உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புடையது அடுத்த விஷயம். கேரியரின் அடியில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு குறுக்குக் குழாய் போகிறது. அதன் இரு முனைகளிலும் முன் சக்கர ஜோடிகள் பொருந்தியிருக்கும். கிட்டின் செய்முறைத் தாளில் அது ஒரு சிறு படம். கீழ்த்தட்டை ஒட்டிய பிறகு வண்டியைக் கவிழ்த்துத் தேடினாலும் அதில் பாதிகூடத் தெரியாது. இப்படிப்பட்ட பாகத்தைத்தான் முதலில் விட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்தக் குழாய்தான் வண்டியின் ஸ்டீயரிங். சாதாரணமாக டிராக் வண்டி திரும்ப வேண்டுமானால் ஒரு பக்க டிராக்கை நிறுத்த வேண்டும் அல்லது வேகம் குறைக்க வேண்டும். கேரியரில், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பினால் இந்தக் குழாய் பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு சக்கர ஜோடிகளையும் ஒரே பக்கமாகத் தள்ளும். டிராக் தரையிலேயே லேசாக வளையும். வண்டி வேகம் குறையாமல் மெல்லத் திரும்பும். இன்னும் அதிகமாகத் திருப்பினால்தான் பிரேக் பிடிக்கும். இதைப் படித்த பிறகு அந்தக் குழாயை வெட்டி எறிய எனக்கு மனம் வரவில்லை. அது மட்டுமன்று, என் கிட்டில் அந்தக் குழாய் இல்லாவிட்டால் இரு பக்கச் சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கவே நிற்கா.

அதோடு நிற்காமல், வண்டி திரும்பிக்கொண்டிருக்கும் கணத்தையே காட்ட முடிவு செய்தேன். குழாயை நட்டநடுவில் ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்டினேன். டிராக் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஒரு நேர்கோட்டில் கோத்து, மெல்லிய பிளாஸ்டிக் பசையை ஓடவிட்டு, அது முழுதும் இறுகுவதற்கு முன், தோல்பட்டை போல் வளையும் பதத்தில் எடுத்துச் சக்கரங்களைச் சுற்றி விட்டேன். அந்தப் பதம் சிறிது நேரமே இருக்கும். அதற்குள் பக்கவாட்டு வளைவையும் கொண்டுவந்துவிட வேண்டும். வளைவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் தெரிகிறது. வெலிங்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, சக்கரம் கோணலாக இருக்கிறதே, பசை காய்வதற்குள் அவசரப்பட்டுவிட்டாயா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அது கோணல்தான். "சித்தப்பா, ஸ்டீயரிங் திரும்பியிருக்கிறது பாருங்கள்" என்று உள்ளே விரலால் காட்டினேன். நம்பாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிப்பக்கத்தையும் பார்த்தார். படத்தைப் பார்த்த வேறு சிலரும் கோணல் என்றே எழுதினார்கள். அவர்களுக்கெல்லாம் நான் பதில் எழுதவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

அப்படியானால் நான் எதையுமே விடவில்லையா என்றால், விட்டேன். எஞ்சின் கேரியரின் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியை மூடிவிடுவது என்று முடிவெடுத்ததும் எஞ்சினின் துணைப்பாகங்களை, அவை பெட்டியில் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டவே இல்லை. அவை வேறு எதையும் தாங்கவில்லை, நேராக்கவும் இல்லை. எனக்கு அதில் எந்தக் குற்ற உணர்வும் கிடையாது.

மலையில் இருப்பவர் என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிவதால் ஈரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் மூடுபனியும் மழையும் விட்டு விட்டு வரும் நாட்களில் லாக்கர் வகைப் பெயின்ட் அடித்தால், காய்வதற்குள் காற்றின் ஈரம் மேற்பரப்பில் படிந்து வெளிறிப் போகும். ஃபெவிக்விக் போன்ற பசைகள் ஈரத்தைக் கொண்டே இறுகுபவை. ஆதலால் நினைத்ததைவிட விரைவில் பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் வெண்படலம் விடும். ஊசிமுனையில் தொட்டு வைப்பதே போதும். பெயின்ட் அடிக்க வெயிலுள்ள முற்பகலுக்காகக் காத்திருங்கள். குளிர் என்று ஜன்னலை அடைத்துக்கொண்டு பசையின் ஆவியில் உட்கார்ந்திருக்காதீர்கள். அடுப்பருகே காயவைக்கவும் வேண்டாம். 100 டிகிரியை நெருங்கினால் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் இளகிவிடும்.

ஒரு மனக்குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2020-இல் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023-இல் அது 70 ஆனது. சுருக்க அளவு மாடல்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கத்தான் வரி என்பது புரிகிறது; மரப்பொம்மை கடைபவருக்கும் பித்தளைக் கைப்பிடி ஒட்டும் எனக்கும் என்ன போட்டி என்பதுதான் புரியவில்லை. அந்த வரியையும் கட்டி வாங்கிய பெட்டியைக் கடையில் கையில் வைத்திருக்கும்போது, "பையனுக்கா மேடம்?" என்று கேட்பார்கள். என் பையனுக்குக் கிரிக்கெட் தவிர எதிலும் ஆர்வமில்லை. ஆண்கள் இதே பெட்டியை வாங்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கும் தெரியும்.

உங்கள் லீ டாங்கை எடுத்துக்கொள்வோம். அது கூரையுள்ள வண்டி. என் கேரியரைப்போல் எல்லாவற்றையும் திறந்து காட்டாது. அசலில் 3.12 மீட்டர் உயரம். மாடலில் ஒன்பது சென்டிமீட்டர் வரும். பின்னால் இருப்பது விமானங்களுக்காக உருவான ஒன்பது சிலிண்டர் ரேடியல் எஞ்சின். அதிலிருந்து முன்னாலுள்ள டிரான்ஸ்மிஷனுக்குச் செல்லும் தண்டு உள்ளறையின் ஊடே ஓடுவதால்தான் வண்டியே அவ்வளவு உயரமாயிற்று. எஞ்சின் கதவுகளை மூடுவதானால் எஞ்சினின் குழாய்களையும் கம்பிகளையும் விட்டுவிடலாம். எஞ்சினுக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரை மட்டும் விடாதீர்கள்; பக்கத் தகடுகள் சதுரமாக நிற்பது அதனால்தான். பக்கக் கதவுகளைத் திறந்து வைக்க ஆசை இருந்தால் இருக்கைகளும் குண்டு அடுக்குகளும் வேண்டும், மூடுவதானால் வேண்டாம். இதைப் பசை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வலப்பக்கத்து 75 மில்லிமீட்டர் பீரங்கியின் உள்தாங்கி வெளியே அவ்வளவாகத் தெரியாதுதான், ஆனாலும் அதை முழுதாகக் கட்டுங்கள். குழல் சரியான உயரத்தில் நிற்பதும் பக்கவாட்டில் திரும்புவதும் அதைப் பொறுத்தவை. குழல் திரும்பும் அச்சில் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.